திரும்ப முடிந்தவரே ஒதுங்க வேண்டும்

கோவளத்தில், ஆடி மாதத்து ஞாயிறு ஒன்று. மதியம் இரண்டு மணி இருக்கும். காலை முழுக்கக் கரையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த கச்சான் ஓய்ந்து, கடல்காற்று ஏறத் தொடங்கியிருந்தது. அலை மடியும் இடத்துக்குச் சற்று வெளியே ஏழெட்டுப் பேர் பலகைமேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் குப்பத்துப் பையன். பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்காது. பெரியவர்கள் ஆளுக்கோர் அலை எடுத்துப் போன பிறகு அவன் முறை வந்தது. குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தள்ளி, அலை தூக்கிய கணத்தில் எழுந்து நின்றான். அதே அலையில், அது எழும்பி உருவெடுக்கும் முன்பே, வெகு தொலைவிலிருந்து ஒருவர் பாய் கட்டிய பலகையில் ஏறி வந்துகொண்டிருந்தார். பாயின் மறைவில் பையன் நின்றது அவர் கண்ணில் படவில்லை. பையன் பலகையை உதறிவிட்டுத் தண்ணீருக்குள் முங்கினான்.

தலை தப்பியது. பலகையின் ஓரத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. வெள்ளை நுரைப்பஞ்சு வெளியே தெரிந்தது. அதற்குள் உப்புத்தண்ணீர் ஏறிவிடக் கூடாது என்று பையன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டே கரைக்கு வந்தான்.

கரையில் வாக்குவாதம். “நான்தான் அந்த அலையை முதல்ல பிடிச்சேன். அவ்ளோ தூரத்திலேர்ந்து அதுமேலயேதான் வந்துட்டிருக்கேன்” என்றார் பாய்ப்பலகைக்காரர். பையனுக்கு அலைச்சறுக்கு பழக்கிய அண்ணன் குரலை உயர்த்தவில்லை. “அவன் உச்சியில இருந்தான் சார். உச்சியில இருக்கிறவனுக்குத்தான் அலை” என்றார். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. தத்தம் விளையாட்டு தங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டத்தைத்தான் இருவரும் சொன்னார்கள். அன்றிலிருந்து இந்த விஷயத்தை என்னால் சின்னதாக எண்ண முடியவில்லை. ஒரே தண்ணீரில் இரண்டு சட்டம் ஓடுகிறது, இரண்டும் நியாயமானவை, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறுவனின் தலை இருக்கிறது.

அலைச்சறுக்கின் சட்டம் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். ஓர் அலை ஒரே நேரத்தில் நெடுக உடைவதில்லை. ஓரிடத்தில் முதலில் உடையும். அங்கிருந்து இடமாகவோ வலமாகவோ உரித்துக்கொண்டு போகும். முதலில் உடையும் அந்த இடம்தான் உச்சி. அதற்கு மிக அருகில் இருப்பவருக்கு அலை சொந்தம். அவர் எழுந்துவிட்டால் முன்னால் இருக்கும் மற்றவர்கள் விலகிக்கொள்ள வேண்டும். விலகாமல் அவர் பாதையில் ஏறுவதைக் கோவளத்துப் பிள்ளைகளும் ‘டிராப் இன்’ என்றே சொல்கிறார்கள். அவர்கள் அகராதியில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அலையில் ஏறி வருபவருக்கும், கையால் துழாவி வெளியே போய்க்கொண்டிருப்பவருக்கும் இடையே சிக்கல் வந்தால், போகிறவர்தான் ஒதுங்க வேண்டும். உடைந்த நுரைக்குள் தலையைக் கொடுத்து அடி வாங்கிக்கொள்ளலாமே தவிர, வருபவரின் பாதையில் கிடக்கக் கூடாது.

விண்ட்சர்ஃபிங் எனப்படும் பாய்ப்பலகையில் இது தலைகீழ். அங்கே வெளியே போகிறவருக்குத்தான் முதல் வழி. அலையில் ஏறிக் கரை நோக்கி வருபவர் விலகிப் போக வேண்டும். இது ஏன் என்று புரிந்துகொள்ள, வெள்ளை நுரைக்குள் பாயோடு நிற்பவரின் நிலையை யோசிக்க வேண்டும். நான்கு மீட்டர் உயரக் கம்பம், நான்கைந்து சதுர மீட்டர் பாய், காலடியில் ஒரு சின்னப் பலகை. அலையைத் தாண்ட அவருக்கு வேகம் வேண்டும். வேகம் குறைந்தால் பலகை அமிழும், பாய் சாயும், அடுத்த அலை எல்லாவற்றையும் சுருட்டிக் கரையிலோ பாறையிலோ அடிக்கும். நேர்கோட்டில் போவதைத் தவிர அவருக்கு வேறு வழி கிடையாது. அலை முகத்தில் இறங்கி வருபவருக்கோ வேகமும் இருக்கிறது, வளைந்து திரும்ப இடமும் இருக்கிறது. அதனால் வருபவர் விலகுகிறார்.

எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டு சட்டங்களுக்கும் வேர் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். அலைச்சறுக்கில், ஏறிவிட்டவர் வேகத்தில் இருக்கிறார். துழாவுகிறவரால் நிற்கவும் முங்கவும் முடியும். எனவே துழாவுகிறவர் ஒதுங்குகிறார். பாய்ப்பலகையில், போகிறவரால் திரும்ப முடியாது, வருபவரால் முடியும். எனவே வருபவர் ஒதுங்குகிறார். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: இந்த நொடியில் யாரால் திரும்ப முடியும்? அவர் திரும்பட்டும். யார் முதலில் வந்தார், யார் நுழைவுக் கட்டணம் கட்டினார், யார் உள்ளூர், யாருடைய பலகைக்கு விலை அதிகம் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்கு வெளியே.

இரண்டு கூட்டமும் ஒரே அலைக்கு வரும்போதுதான் வேர் மறந்துபோகிறது; விதியின் சொற்கள் மட்டும் நினைவில் நிற்கின்றன. பாய் விரித்து வெளியே போகிறவர், அலையில் வரும் சறுக்கு வீரர் விலகுவார் என்று எதிர்பார்க்கிறார். அலையில் வருபவர், போகிறவர் விலகுவார் என்று எதிர்பார்க்கிறார். இருவருக்கும் தாங்கள் சரி என்ற நிச்சயம் இருக்கிறது. கடலில் இதைவிட ஆபத்தான நிலை கிடையாது. தவறு செய்கிறோம் என்ற அச்சம் உள்ளவன் கடைசி நொடியிலாவது திரும்புவான். உரிமை தன் பக்கம் என்று நம்புகிறவன் திரும்ப மாட்டான்.

‘முதலில் அலையைப் பிடித்தவருக்கே அலை’ என்ற வாதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். கோவளத்துப் பாய்ப்பலகைக்காரர் சொன்னது அதைத்தான். பாய்ப்பலகைகள் மட்டுமே உள்ள தண்ணீரில் அது நியாயமான விதி. கலந்த தண்ணீரில் அது அநியாயம். காற்றின் பலத்தில் ஓடும் பலகைக்கு, அலை இன்னும் உருண்டு திரண்டு வரும் நீர்மேடாக இருக்கும்போதே அதன்மேல் ஏற முடியும். கையால் துழாவுகிறவருக்கு அது உடையும் இடத்தில், அந்த இரண்டு மூன்று நொடிகளில் மட்டுமே கிடைக்கும். ஆகவே ‘முதலில்’ என்ற சொல்லை வைத்தால் எல்லா அலையும் எப்போதும் பாய்ப்பலகைக்குத்தான். ஒருவருக்கு எப்போதும் வெற்றி தரும் விதி பொது விதி ஆகாது. பாய்ப்பலகைக்காரர் ஓர் அலையை விட்டால், ஒரு நிமிடத்தில் சுற்றி வந்து அடுத்ததில் ஏறிவிடுவார். அந்தப் பையன் ஓர் அலையை இழந்தால், நுரையில் அடிபட்டுக் கரைவரை தள்ளப்பட்டு, மறுபடி துழாவி வெளியே போய், மறுபடி வரிசையில் உட்கார வேண்டும். கால்மணி நேரம் போகும், கை ஓயும். இழப்பு சமமில்லாதபோது விட்டுக்கொடுப்பதும் சமமாக இருக்க முடியாது.

இந்தச் சிக்கலை மிக நீண்ட காலம் அனுபவித்த இடம் ஹவாயின் மௌயித் தீவிலுள்ள ஹோகிபா. பாயியா என்ற சிற்றூருக்குக் கிழக்கே, தீவின் வடகரையில் இருக்கிறது. ஹோகிபா என்றால் ஹவாய் மொழியில் விருந்தோம்பல். அலைச்சறுக்கு அந்தத் தீவுகளின் பழைய கலை. அங்கே ஒரு காலத்தில் அலையின் உரிமையும் பிறப்பால் வந்தது. தலைவர் குலத்தாருக்கென ஒதுக்கிய அலைகள் இருந்தன. காப்பு எனப்பட்ட அந்தத் தடைச்சட்ட முறை 1819ஆம் ஆண்டில் ஒழிந்தது. பாய்ப்பலகை அதற்கு வெகு காலம் பிந்தியது. கலிஃபோர்னியாவில் ஹாயில் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய பாய்ப்பலகை உலகெங்கும் பரவியது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலேயே போட்டியாக இடம்பெற்றது. அலைச்சறுக்கு ஒலிம்பிக்குக்கு வந்ததோ டோக்கியோவில், 2021இல்தான். மூத்தது கடைசியாக வந்தது. பாய்ப்பலகைக்கு ஏற்ற அலையும் வடகிழக்கு வணிகக்காற்றும் ஓரிடத்தில் சேர்ந்து கிடைத்த ஹோகிபா, 1980களில் அந்த விளையாட்டின் தலைநகரானது. பரம்பரையாக அங்கே சறுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, திடீரென்று நாற்பது ஐம்பது பாய்கள் தங்கள் தலைக்கு மேல் பறப்பது எப்படி இருந்திருக்கும்!

அங்கே பிறந்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் கடலில் கோடு போடவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்கள். காலை 11 மணிக்கு முன் பாய்ப்பலகை இறங்கக் கூடாது. காற்று தணிந்து அலைமுகம் கண்ணாடிபோல் இருக்கும் காலைநேரம் சறுக்கு வீரர்களுக்கு. பிறகு காற்று பலக்கும். அலைமுகம் கலையும், சறுக்குவோருக்கு ருசி குறையும், பாய்ப்பலகைக்குச் சுவை ஏறும். காற்றே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு ‘பத்துப் பேர் விதி’ என்று ஒரு வழக்கம் உண்டு. பதினொன்று அடித்த பிறகும் தண்ணீரில் பத்துச் சறுக்கு வீரர்கள் இருந்தால் பாய்ப்பலகைக்காரர்கள் இறங்காமல் காத்திருக்க வேண்டும். கம்பத்தைப் பூட்டி, பாயை இழுத்துக் கட்டி, புல்தரையில் நின்றபடி தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். சச்சரவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் சச்சரவு வந்தால் மேற்கோள் காட்ட எல்லோருக்கும் தெரிந்த ஒரு வாக்கியம் அங்கே இருக்கிறது. நமக்கு அது இல்லை.

விதி இல்லாத இடத்தை உள்ளூர் முஷ்டி நிரப்பிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் நாட் யங், 1966இல் உலக சாம்பியன். 2000ஆம் ஆண்டில், ஆங்கூரி என்ற தன் சொந்த ஊர்க் கடலில் தொடங்கிய தகராறில் முக எலும்புகள் உடையும்படி அடிபட்டார். அதே ஆண்டில் அலைமீது நடக்கும் வன்முறை பற்றி ‘சர்ஃப் ரேஜ்’ என்ற நூலைக் கொண்டுவந்தார். உலக சாம்பியனுக்கே இந்தக் கதி. கலிஃபோர்னியாவின் லுனாடா விரிகுடாவில் வெளியாட்களை அண்டவிடாத உள்ளூர்க் கும்பல்மீது 2016இல் வழக்கே போட வேண்டியிருந்தது. ‘ஊர்க்காரனுக்கே அலை’ என்ற பேச்சு தொடக்கத்தில் மரியாதையைக் கேட்பதுபோல் இருக்கும். போகப்போக வேலி ஆகிவிடும். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் அது வந்துவிடக் கூடாது என்று உண்மையிலேயே அஞ்சுகிறேன். மீனவர் வீட்டில் பிறந்து, பழைய பலகையில் தானே பழகி, 2012இல் கோவளத்தில் சறுக்குப் பள்ளி தொடங்கிய மூர்த்தி மேகவான் போன்றவர்கள் உருவாக்கிய சூழல், வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொண்ட சூழல்.

இன்றைக்கு அந்தச் சூழலின்மேல் பாரம் ஏறுகிறது. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் அங்கேயே நடந்தது. அதில் கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இனி ஒவ்வொரு சனி ஞாயிறும் பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து கார்கள் வரும். வாடகைப் பலகை எடுப்பவர்கள் கூடுவார்கள். துடுப்போடு நின்றபடி போகும் நீளப் பலகை இருக்கிறது. பட்டம் கட்டி இழுக்கும் கைட் பலகை இருக்கிறது; அதன் கயிறுகள் மட்டும் இருபது மீட்டருக்கு மேல் நீளும். தண்ணீருக்கடியில் கத்திபோல் இறக்கை வைத்த ஃபாயில் பலகையும் வந்துவிட்டது. இவை எல்லாவற்றுக்கும் வேகம், நீளம், திரும்பும் திறன் வேறு வேறு. ‘எல்லோரும் பார்த்து நடந்துகொள்ளுங்கள்’ என்ற பொதுப்பேச்சு இந்த நெரிசலில் எடுபடாது.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால் அந்தக் கடலில் ஒருவர் இருக்கிறார். வலையோடு வரும் மீனவர். காலை எட்டு ஒன்பது மணிக்கு ஃபைபர் படகு கரை திரும்பும்போது, அலை மடியும் அதே இடத்தைத்தான் அது தாண்டியாக வேண்டும். எஞ்சின் ஓட்டுகிறவர் பின்னால் எழும் அலையைப் பார்ப்பாரா, முன்னால் மிதக்கும் தலைகளைப் பார்ப்பாரா? பின்னால் வரும் அலையின் முதுகில் ஏறும் கணக்கு ஒரு நொடி தப்பினால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். அவரால் திரும்ப முடியாது. எனவே அவருக்கே முதல் வழி. இது நான் இரக்கப்பட்டுச் சொல்வதில்லை. கடலில் கப்பல்கள் மோதாமல் இருக்க 1972இல் வகுத்த சர்வதேச விதிகளும் இதே நியாயத்தில்தான் அமைந்திருக்கின்றன. எஞ்சின் கப்பல் பாய்மரத்துக்கு ஒதுங்க வேண்டும். பாய்மரமோ மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கு ஒதுங்க வேண்டும். மீன்பிடிக் கலம் என்பதற்கு அந்த விதி தரும் விளக்கம்தான் முக்கியம்: வலையோ கயிறோ போட்டிருப்பதால் நினைத்தபடி திரும்ப முடியாத கலம். திரும்பும் திறனே அங்கும் அளவுகோல். பாய்ப்பலகையை ஒரு பாய்மரக் கலமாக எண்ணிக்கொண்டால், அதற்கு மேலே யார், கீழே யார் என்பதில் குழப்பமே வராது.

நேரம் பிரித்துக் கடலைப் பகிர்வது நமக்குப் புதிதும் இல்லை. பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் மோதல் முற்றிய காலத்தில் பிறந்த ஏற்பாட்டை ராமேஸ்வரத்தில் கேட்டால் சிறுவனும் சொல்வான். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையிலான நீரை விசைப்படகின் இழுவலையிலிருந்து காத்து, நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. இந்த ஏற்பாடுகள் எத்தனை முறை மீறப்படுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மீறப்பட்டது என்று சொல்ல முடிவதே விதி இருப்பதால்தான். பலம் கூடியவன் நேரத்தாலும் தூரத்தாலும் கட்டுப்பட வேண்டும் என்ற நியாயத்தை இந்தக் கரை ஐம்பது ஆண்டு பட்டறிவில் கற்றிருக்கிறது. விளையாட்டு மட்டும் அதற்கு விலக்காக இருக்கக் காரணமில்லை.

நம் காற்றும் ஹோகிபாவைப் போலவே ஒத்துழைக்கிறது. கோடையிலும் ஆடியிலும் கோரமண்டல் கரையில் காலையில் தரைக்காற்று. நண்பகலை ஒட்டிக் கடல்காற்று. தரைக்காற்று அலைமுகத்தை நிமிர்த்திப் பிடிக்கும், சறுக்குவோருக்கு அதுதான் பொன்னான நேரம். கடல்காற்று வந்தால்தான் பாய்க்கும் பட்டத்துக்கும் பிழைப்பு. ஆகவே பகல் 12 மணிவரை கோவளத்து முனையிலும் மாமல்லபுரத்துக் கடற்கோயில் பக்கத்து அலையிலும் பாயோ பட்டமோ இறங்கக் கூடாது என்று வைத்தால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. பன்னிரண்டுக்குப் பிறகும் தலைகளை எண்ணும் வழக்கம் வேண்டும். நம்முடைய அலைமுனை சிறியது. பத்து அதிகம், ஆறு போதும் என்பது என் கணக்கு. அங்கே தினமும் இறங்குகிறவர்கள் அதை எட்டாக்கினாலும் சரி. எண் ஒன்று இருக்க வேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே அலையில் இருவரும் வந்துவிட்டால் பாய்ப்பலகை அலையின் முதுகுப் பக்கம் தாண்டி வெளியேற வேண்டும். பாய்ப்பலகை வெளியே போகும்போது சறுக்கு வீரர் குறுக்கே துழாவக் கூடாது, நுரைப் பக்கம் ஒதுங்க வேண்டும். படகோ கரைவலையோ தெரிந்தால் எல்லோரும் விலக வேண்டும்.

இதை யார் முடிவு செய்வது? சுற்றுலாத் துறை ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை போட்டு முடித்துவிடக் கூடாது. ஊர்ப் பஞ்சாயத்து, சறுக்குப் பள்ளிகள், பாய் ஓட்டுகிறவர்கள் மூன்று தரப்பும் உட்கார வேண்டும். பேசி முடித்ததைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிப் படகுத்துறைக்குப் பக்கத்தில் நட வேண்டும். வாடகைப் பலகை தருகிறவர்கள், கையில் பலகையைக் கொடுக்கும் முன் வாடிக்கையாளரை அந்த அறிவிப்பின் முன் இரண்டு நிமிடம் நிறுத்த வேண்டும். நீந்தத் தெரியுமா என்று கேட்கிறார்கள், நல்லது. உச்சி எது என்று தெரியுமா என்றும் கேட்க வேண்டும்.

பலகையை உதறுவது பற்றியும் அங்கே ஒரு வரி வேண்டும். ஒன்பது அடிப் பலகைக்கு ஒன்பது அடிக் கால்கயிறு. உதறினால் பதினெட்டு அடித் தூரத்துக்குள் யார் தலையும் பத்திரமில்லை. புதியவர்கள் பெரிய அலையைக் கண்டதும் முதலில் செய்வது பலகையை விட்டுவிட்டு முங்குவதுதான். அன்றைக்கு அந்தப் பையனும் அதைத்தான் செய்தான். உயிர்பிழைக்க அவனுக்கு வேறு வழி இல்லை. அவன் பின்னால் இன்னொருவர் துழாவிக்கொண்டிருந்திருந்தால் நான் இப்போது வேறு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பேன்.

வாக்குவாதத்தின் முடிவையும் சொல்ல வேண்டும். பாய்ப்பலகைக்காரர் கெட்டவர் இல்லை. பிளவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. பலகையைச் சரிசெய்யப் பணம் தருகிறேன் என்றார். அண்ணன் வாங்கவில்லை. “காசு வேணாம் சார். அடுத்த வாட்டி இறங்கறதுக்கு முன்னாடி கரையில நின்னு, தண்ணியில எத்தினி பேர்னு ஒருவாட்டி பாருங்க” என்றார். ஹோகிபாவைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. பிறகு பையனும் அவரும் பலகையை நன்னீரில் கழுவி, பிளவு வெயிலைப் பார்க்கும்படி மணலில் சாய்த்து வைத்தார்கள். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் ரெசின் பூச முடியும்; இரண்டு நாளாவது ஆகும் என்றார் அண்ணன். பையன் பலகைக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டு, கடலில் இருந்த தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.